ஸ்கர்ட்டுக்கு எந்த எலாஸ்டிக்: குன்னூரில் வாங்கி, தைத்து, துவைத்துப் பார்த்தது

நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எலாஸ்டிக் ஸ்கர்ட் தைக்கப் போகிறீர்கள் என்றால், அகலவாக்கில் வரி வரியாகத் தெரியும் ஒரு இன்ச் நெசவு எலாஸ்டிக்கை வாங்குங்கள். கடையில் ‘நான் ரோல்’ (non-roll, அதாவது சுருளாதது) என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மற்ற ரகங்களைவிட மீட்டருக்குச் சில ரூபாய்தான் கூட. ஒரு ஸ்கர்ட்டுக்கு ஒரு மீட்டர்கூட முழுசாக ஆகாது. அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, நடக்கும்போதெல்லாம் இடுப்பில் கைவைத்துச் சுருண்ட பட்டையை நிமிர்த்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

நான் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை சேலைதான். குன்னூர்ப் பக்கம் அக்டோபரில் பிடிக்கிற வடகிழக்கு மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மேடும் பள்ளமுமான ரோட்டில் ஒரு கையில் நனைந்த கொசுவம், இன்னொரு கையில் குடை, தோளில் விடைத்தாள் கட்டு. ஓய்வு பெற்றதும் முதலில் விட்டது அந்த வித்தையைத்தான். இப்போது கணுக்காலுக்கு நன்றாக மேலே நிற்கும் ஸ்கர்ட், உள்ளே குளிருக்கு ஒரு லெகிங்ஸ், மேலே ஸ்வெட்டர். எதிர்வீட்டு அம்மாவுக்கு ஆரம்பத்தில் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வந்து, தனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னார். கறுப்பில் வேண்டுமாம், தூரத்திலிருந்து பார்த்தால் சேலை மாதிரியே இருக்க வேண்டுமாம். சரி என்றேன்.

அம்மாவின் கறுப்பு உஷா மிதிமெஷினில் தைக்கிறேன். அது நேர்த்தையல் மட்டும்தான் போடும். இந்த ஸ்கர்ட்டுக்கு அதுவே போதும். ஜிப் இல்லை, ஹூக் இல்லை, டார்ட் (இடுப்பைப் பிடிக்கப் போடும் முக்கோண மடிப்புத் தையல்) இல்லை. பக்கத்தையல், மேல்மடிப்பு, கீழ்மடிப்பு, முடிந்தது. வெட்டுவதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சுருக்கத்தில் மறைந்துவிடும். ஆனால் இடுப்பில் நிற்பதா நழுவுவதா என்பதை அந்த ஒரே பட்டைதான் தீர்மானிக்கிறது. தவிர, இந்த உடுப்பில் முதலில் கிழடாவதும் அதுதான். துணி அப்படியே இருக்கும், எலாஸ்டிக் தொளதொளத்துவிடும். அதனால்தான் துணியை விட்டுவிட்டு எலாஸ்டிக்குக்கு விமர்சனம் எழுதுகிறேன்.

குன்னூர் மார்க்கெட் சந்துகளில் தையல் சாமான் விற்கும் சின்னக் கடைகளில் எலாஸ்டிக்கை உருளை உருளையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ‘எலாஸ்டிக்’ என்று மட்டும் கேட்டால் கைக்கு எட்டுவதை வெட்டிக் கொடுப்பார்கள். நான் வழக்கமாகப் போகிற கடைப் பையனிடம், “தம்பி, அது வேண்டாம், வரி போட்டதைக் குடுங்க” என்றால், “எல்லாம் ஒண்ணுதானுங்கக்கா, இழுத்தா வருது, விட்டா போகுது” என்பான். தத்துவமாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒன்று இல்லை. பொதுவாகக் கிடைப்பது மூன்று ரகம்.

முதலாவது பின்னல் எலாஸ்டிக். நீளவாக்கில் கோடு ஓடும். இழுத்தால் அகலம் குறையும், இதுதான் அதன் அடையாளம். ஒரு இன்ச் பட்டை இழுபட்டதும் முக்கால் இன்ச் போல ஒடுங்கி, மடிப்புக்குள் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். மேலே ஊசி குத்தித் தைத்தால் இன்னும் பலம் இழக்கும். குழந்தை ஜட்டி, பஃப் கை, தலையணை உறையின் வாய் இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம். ஸ்கர்ட் இடுப்புக்கு வேண்டாம். ரெடிமேடாக வாங்கும் மலிவான ஸ்கர்ட்களில் பெரும்பாலும் நான் பிரித்துப் பார்த்தது இதைத்தான்.

இரண்டாவது, ஸ்வெட்டர் போலக் கண்ணி கண்ணியாகப் பின்னிய நிட் எலாஸ்டிக். தொட்டால் மெத்தென்று இருக்கும். இழுத்தால் அகலம் குறையாது, மேலே நேராகத் தைத்தாலும் தாங்கும். மல் துணி, ரேயான், மெல்லிய பாப்ளின் ஸ்கர்ட் என்றால் இதுவே போதும், உடம்புக்கும் சுகம். என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்குத் தைப்பதெல்லாம் இதில்தான். இதையே குன்னூர்க் குளிருக்கான துணியில் போட்டால் கதை வேறு. மழையில் நனைந்த கார்டுராய் (வரி வரியாக ரோமம் நிற்கும் தடித்த துணி) ஸ்கர்ட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கனத்துக்கு இது இளகி, படி ஏறும்போது ஸ்கர்ட் ஒரு விரற்கடை இறங்கும்.

மூன்றாவதுதான் நெசவு எலாஸ்டிக். தறியில் ஊடும் பாவுமாக நெய்தது. அகலவாக்கில் மேடு மேடாக வரிகள் இருக்கும். உருளாத ரகத்தில் குறுக்கே விறைப்பான இழை ஓடும், அதுதான் பட்டையை மடங்கவிடாமல் நிமிர்த்தி வைப்பது. சம்மணமிட்டு உட்கார்ந்து, குனிந்து, கேரட் மூட்டையை நகர்த்தி, எதைச் செய்துவிட்டு எழுந்தாலும் பட்டை நிமிர்ந்தே இருக்கிறது. லெகிங்ஸ், ஸ்வெட்டர், ஸ்கர்ட் மூன்றும் சேர்ந்து இடுப்பில் தடிக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. விறைப்பு அதிகம். உள்ளே எதுவும் போடாமல் நேராகத் தோலில் பட்டால் சாயங்காலத்துக்குள் வரி வரியாகத் தடம் விழும், சிலருக்கு அரிக்கும். மெல்லிய துணிக்குள் போட்டால் வரி வெளியே தெரியும். இழுப்பும் மற்ற இரண்டையும்விடக் குறைவு, அதனால் ரொம்பக் குறைத்து வெட்டினால் தலைவழியாகவும் போகாது, கால்வழியாகவும் ஏறாது. இந்தக் குறைகளோடு சேர்த்துத்தான் சிபாரிசு செய்கிறேன்.

கடையில் நின்றே சோதித்துவிடலாம். இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்சம் இழுத்து, அகலம் ஒடுங்குகிறதா பாருங்கள். பட்டையை அகலவாக்கில் பாதியாக மடக்கி விடுங்கள். சட்டென்று நிமிர்ந்தால் நல்லது, மடங்கியபடி சோம்பினால் அது இடுப்பிலும் அப்படித்தான் இருக்கும். பிறகு பத்து சென்டிமீட்டர் அளவைப் பிடித்து, முடிந்தவரை இழுத்துச் சில நொடி வைத்துவிட்டு, இன்ச்டேப்பில் மறுபடி அளந்து பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பாததை வாங்காதீர்கள். காதருகே வைத்து இழுக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்டாலோ, ஓரம் அலை அலையாக இருந்தாலோ, உள்ளே ரப்பர் இழை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெயில் படும்படி வாசலில் தொங்கும் உருளையைவிட உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆன்லைனிலும் ஒருமுறை தருவித்தேன். மேலே ‘நான் ரோல்’ என்று போட்டிருந்த பொட்டலம். பிரித்து இழுத்ததும் ஒடுங்கியது, அதாவது பின்னல் ரகம். படத்தில் வரி தெரிந்தது, கையில் தெரியவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அது இப்போது தலையணை உறைகளில் பணியாற்றுகிறது. எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. தவிர, மார்க்கெட் கடையில் பிளாஸ்டிக் பொட்டலமும் கிடையாது, எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. தினத்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள்.

எலாஸ்டிக் ஏன் சாகிறது என்பதைச் சொல்லாமல் போனால் வாங்கிய பென்ஷனுக்குத் துரோகம். 1820-லேயே தாமஸ் ஹான்காக் என்ற ஆங்கிலேயர் கையுறை, காலுறை போன்றவற்றில் ரப்பர் பட்டை வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அன்றைய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். எங்கள் ஊர் ஜனவரி உறைபனிக்கு அது ஒரு வாரம் தாங்கியிருக்காது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பாலம் போட்டுக் கட்டுவதால்தான் இழுத்தாலும் அது பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சம் இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அங்கேதான் கைவைக்கும். வெப்பமும் வெயிலும் அந்த வேலையை வேகப்படுத்தும். 1958-ல் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். அது பாலியூரித்தேன் வகை, ரப்பர் போலச் சீக்கிரம் கெடாது, ஆனால் குளோரினுக்கு ஆகாது.

இதில் மலைக்காரர்களுக்கு என்ன வந்தது என்றால், மழைக்காலத்தில் நாம் செய்கிற இரண்டு காரியமும் எலாஸ்டிக்குக்கு எமன். ஒன்று, துணி காயவில்லை என்று ரூம் ஹீட்டர் முன்னாலும் கணப்புக்குப் பக்கத்திலும் காயப்போடுவது. இடுப்பு மடிப்பில் துணி ரெட்டையாக இருக்கும், கடைசியாகக் காய்வது அதுதான், அதனால் அந்தப் பக்கத்தைத்தான் சூட்டுக்கு நேராகத் திருப்பி வைப்போம். இரண்டாவது, ஈரம் நின்ற மடிப்பில் கறுப்புப் புள்ளி விழுந்ததும், குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரைக் கரைப்பது. ரப்பர் இழை சூட்டில் போகும், ஸ்பான்டெக்ஸ் இழை பிளீச்சில் போகும். ஆக, எந்த ரகம் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. என் வழக்கம் இது: துவைத்ததும் இடுப்புப் பட்டியை ஒரு பழைய துண்டில் வைத்துச் சுற்றி அழுத்தி ஈரம் எடுத்துவிட்டு, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கொடியில் நடுவாக மடித்துப் போடுவேன். இடுப்பில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத் துணியின் கனம் முழுக்க எலாஸ்டிக்கின் தலையில் விழும். கீழ்ப்பக்கத்தை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் தண்ணீரெல்லாம் இடுப்பு மடிப்பில் போய் நிற்கும்.

இனி தைக்கும் கணக்கு. இடுப்பு 34, சீட் (இடுப்புக்குக் கீழே உடம்பு அதிகம் அகன்ற இடத்தின் சுற்றளவு) 42, உயரம் 32 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். நெசவு எலாஸ்டிக் என்றால் இடுப்பளவில் 2 முதல் 3 இன்ச் குறைத்து, ஒட்டுக்கு 1 இன்ச் சேர்த்து வெட்டுவேன், அதாவது 32 அல்லது 33. நிட் எலாஸ்டிக் இளகும், அதற்கு இன்னும் ஒரு இன்ச் குறைக்கலாம். குளிருக்கு லெகிங்ஸும் உள்ளே மடித்துவிட்ட பனியனும் போடுகிறவர்கள், அவற்றைப் போட்டுக்கொண்டே இடுப்பை அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, கடையில் உருளையில் சுற்றும்போதே எலாஸ்டிக் கொஞ்சம் இழுபட்டிருக்கும். வாங்கி வந்ததும் சுருளைப் பிரித்து ஒரு ராத்திரி சும்மா கிடக்கவிட்டு, அப்புறம் அளந்து வெட்டுங்கள்.

பாப்ளின் என்றால் 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) 2 மீட்டர் போதும். முழு அகலத்தில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் உயரம் 32, மேல்மடிப்பு 1¾, கீழ்மடிப்பு 2, ஆக 35¾ இன்ச். சுற்றளவு சீட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும், அழகாகக் கொசுவும். கார்டுராய் எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது, 58 இன்ச் பன்னா. அதில் ஒரே மீட்டரில் ஸ்கர்ட் முடிந்துவிடும், நம்ப மாட்டீர்கள். 58 இன்ச்சை அப்படியே சுற்றி, பின்பக்கம் ஒரே ஒரு தையல். சீட் 42-க்கு இந்தச் சுற்றளவு தாராளம். ஒரே துண்டு என்பதால், ஒரு துண்டில் ரோமம் மேல்நோக்கியும் இன்னொன்றில் கீழ்நோக்கியும் போய் நிறம் இரண்டாகத் தெரிகிற சிக்கலும் இல்லை. ஆனால் வரி மெல்லியதாக இருக்கிற கார்டுராயாக வாங்குங்கள். தடித்த வரி சுருக்கத்தில் திரண்டு, ஸ்வெட்டருக்குள் டயர் வைத்தது போல நிற்கும். எந்தத் துணியானாலும் முதலில் நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். ஃபிளானல் நன்றாகவே சுருங்கும்.

மேல்மடிப்பில்தான் பலரும் தாராளம் காட்டிக் கெடுக்கிறார்கள். ஒரு இன்ச் எலாஸ்டிக்குக்கு ஒன்றரை இன்ச் இடம் விட்டால், எவ்வளவு நல்ல எலாஸ்டிக்கும் உள்ளே புரளும். அரை இன்ச் உள்ளே மடித்து, மறுபடி 1¼ இன்ச் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்திலிருந்து ⅛ இன்ச் தள்ளித் தைத்தால் உள்ளே 1⅛ இன்ச் மிஞ்சும். எலாஸ்டிக் போகவும் வேண்டும், புரளவும் கூடாது, அதற்கு இதுதான் அளவு. கார்டுராயில் இரண்டு மடிப்பு போட்டால் தடிக்கும். ஓரத்தை நூல் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக்கொண்டு ஒரே மடிப்பாகத் தைக்கிறேன். மார்க்கெட்டில் ஓவர்லாக் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊசி பாப்ளினுக்கு 14, கார்டுராய்க்கு 16.

பின்பக்கத் தையலருகே இரண்டு இன்ச் திறந்துவிட்டு, பெரிய ஊக்கில் எலாஸ்டிக்கை மாட்டி உள்ளே தள்ளுங்கள். மறுமுனையை முதலிலேயே துணியோடு ஊக்கு குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் அதுவும் உள்ளே போய்விடும். இரண்டு முனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு இன்ச் படுக்கவைத்து, சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு, பஸ்ஸில் சாய்ந்து உட்காரும்போது தெரியும் அதன் அருமை.

அந்தத் திறப்பை மெஷினில் மூடாதீர்கள். கைத்தையலில் ஓட்டுத்தையல் போட்டு மூடுங்கள். எலாஸ்டிக் ஒருநாள் போகத்தான் போகிறது. அப்போது அந்த இரண்டு இன்ச்சை மட்டும் பிரித்து, பழைய எலாஸ்டிக்கின் முனையில் புதியதைத் தைத்து இழுத்தால், பழசு வெளியே வரும்போதே புதுசு உள்ளே போய்விடும். ஊக்கே வேண்டாம். என்னிடம் ஒரு கரும்பச்சைக் கார்டுராய் இப்படி எலாஸ்டிக் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, துணி இன்னும் கெட்டியாக இருக்கிறது. பட்டை சுற்றிச் சுற்றி நகராமல் இருக்கப் பின்பக்கத் தையலின் மேலேயே எலாஸ்டிக்கோடு சேர்த்து நாலு கைத்தையல் போட்டால் போதும். சிலர் எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே இரண்டு மூன்று வரி மெஷின் தையல் ஓட்டுகிறார்கள். பார்க்க ரெடிமேட் மாதிரி அழகாக இருக்கும். மாற்றும் நாளில் உட்கார்ந்து பிரிக்கிறவர் யார்?

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை இன்ச்சும் இரண்டு இன்ச்சும் கிடைக்கின்றன. வயிறு கொஞ்சம் முன்னால் இருக்கிறவர்களுக்கு ஒன்றரை இன்ச் நன்றாகப் பிடிமானம் தரும், எதிர்வீட்டு அம்மாவுக்கு அதைத்தான் போட்டேன். இரண்டு இன்ச் குனியும்போது விலாவில் இடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அரை இன்ச், முக்கால் இன்ச் எல்லாம் குழந்தைகளுக்கு. வளரும் பிள்ளைகளுக்கு வரிசையாகப் பொத்தான் ஓட்டை வைத்த எலாஸ்டிக் ஒன்று உண்டு. உள்ளே ஒரு பொத்தான் தைத்துவிட்டால் இடுப்பு பெருக்கப் பெருக்க ஓட்டையை மாற்றிக்கொண்டே போகலாம். பள்ளிச் சீருடைக்கு அருமையான சாமான். ஆனால் எங்கள் மார்க்கெட்டில் கேட்டால் இல்லை என்கிறார்கள், மகளிடம் சொல்லித்தான் வரவழைக்கிறேன்.

கடைசியாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று முழு உருளையாக வாங்கி வைக்காதீர்கள். பீரோவில் சும்மா இருந்தாலும் ரப்பர் இழைக்கு வயசாகும். தைக்கப்போகும் ஸ்கர்ட்டுக்கு மட்டும் ஒரு மீட்டர் வெட்டி வாங்கினால் போதும்.